ஓலோஃப் உள்ளே இழுத்த மூச்சு

அன்று ஸ்மோக்கோ அறையில் நாங்கள் நான்கு பேர்: சுவீடனிலிருந்து மெஷினோடு மேற்பார்வையாளராக வந்திறங்கிய ஓலோஃப், பாக்கிங்கில் நிற்கும் வியட்நாம்காரி லான், கல்முனை நியாஸ், நான். ஸ்மோக்கோ என்றால் இங்கே தேநீர் இடைவேளை. புகைக்காதவர்களுக்கும் அதுதான் பெயர்.

டண்டினோங்கில் மரம் அரியும் வாள் பிளேட் செய்யும், சுவீடன் கம்பனியொன்றின் தொழிற்சாலை அது. தொண்ணூறுகளின் தொடக்கம், மெல்பேர்னில் எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னை இன்னொருவர் வேலைக்கு எடுப்பாரா என்ற யோசனையில்தான் தினமும் கார்ட் பஞ்ச் பண்ணுவேன்.

ஓலோஃப் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. லான் ஊரைப் பற்றிக் கேட்க, அவர் ஆற அமரச் சொன்னார். காட்டுக்குள் ஓர் ஆறு. அந்தத் தண்ணீரின் வேகத்தில் பெரிய சம்மட்டியை ஓடவிட்டு இரும்பு அடிக்கத் தொடங்கினார்கள். ஊர் அப்படித்தான் உண்டானது. வீடு, கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் கம்பனியுடையவை. ஆலைச் சங்கு ஊதினால்தான் ஊர் சாப்பிடும். பிறகு விற்பனை விழுந்தது. போன மாரியில் ஆலையை மூடிவிட்டார்கள்.

"கடைசிச் சங்கை ஆர் ஊதினது?" என்றாள் லான்.

"நான்தான். ஊதி முடிஞ்ச பிறகும் சனம் வாசலிலேயே நிண்டது."

நியாஸ் என் காதுக்குள் தமிழில், "அண்ணன், ஊரையே மூடின கம்பனி இது. நம்மள மூட எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றான்.

நான் கோப்பையை வைத்தேன். "ஓலோஃப், எங்களுக்கு வேலை இருக்குமோ?"

அவர் கோப்பையைப் பார்த்தபடி, உதட்டைக் குவித்து, சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தார். "ஷுப்!" அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

சூட்டுச் சட்டியில் கை பட்டால் இழுப்போமே, அந்த மூச்சு. செத்த வீட்டுச் செய்தி கேட்டால் இழுக்கும் மூச்சு.

"அந்தாள் வாயால ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள் அன்றிரவு என் மனைவி ரதி.

"சொல்ல ஏலாமத்தானே மூச்சை இழுத்தவர்."

அந்தக் கிழமை முழுக்க நித்திரையில்லை. கோழி வெட்டும் இடமொன்றில் நைட் ஷிஃப்ட் கேட்டேன். திங்கள் வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஓலோஃபிடம் போய், வேலையை விடப்போகிறேன் என்றேன்.

"ஏன்?"

"வேலை இருக்குமோ எண்டு கேட்க நீங்கள் இப்பிடிச் செய்தனீங்கள்." இழுத்துக் காட்டினேன்.

அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது எங்கட ஊரில 'ஓம்' எண்டு தலையாட்டுற மாதிரி! வடக்கில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவம். அங்க மூடினபடியாத்தானே மெஷின் இஞ்ச வந்தது. அதை ஓட்ட ஆள் வேணும்."

"அப்ப நான் நிக்கலாமோ?"

"ஷுப்!"

பின்னால் நின்ற நியாஸ், "அண்ணன், கோழிக்கெல்லாம் ஆயுசு கெட்டி!" என்று கத்தினான்.

விளங்காததை இரண்டாம் முறை கேட்க வெட்கப்படக் கூடாது என்று அன்று படித்தேன். அந்த மெஷினில் பதினான்கு வருஷம் நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போனபோது ரதி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்? வேலை இருக்காமோ?"

நான் உதட்டைக் குவித்து மூச்சை இழுத்தேன்.

"ஐயோ, எங்க சுட்டது?" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

பிறகு வாயாலும் சொன்னேன்: "ஓம்."