இடப்பக்க ஜன்னல்

காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை ஸ்டேஷனில் மலை ரயிலின் ஜன்னல்களை உள்ளும் புறமும் துடைப்பவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். பதினெட்டு வருஷமாகத் துடைக்கிறாள். ஒருமுறைகூட அதில் பயணம் போனதில்லை.

ஆனாலும் மலைவழி தனக்கு அத்துப்படி என்றே நினைத்திருந்தாள். வலப்பக்கக் கண்ணாடிகள் ஒரு தடவை துணி பட்டாலே பளிச்சென்று ஆகிவிடும். இடப்பக்கம்தான் தொல்லை. வரிசையாக நெற்றியும் கன்னமும் பதிந்து ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. ஜனங்கள் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள் என்றால் அழகெல்லாம் அந்தப் பக்கம்தானே?

கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாகச் சாப்பிடவும் தூங்கவும்தான் அதைவிட்டு எழுகிறார். ரயில் ஊழியருக்கும் துணைக்கும் ஆண்டுக்கொரு இலவசப் பயணம் உண்டு. ஒரு தடவை கிளப்பிவிட்டால் அப்புறம் தானாகக் கிளம்புவார் என்று நம்பினாள்.

"கண்ணுக்கு விருந்துங்க. நான் பொறுப்பு" என்று சொல்லி, இடப்பக்க ஜன்னலோரமாகக் கேட்டு வாங்கினாள்.

ரயில் ஏற ஆரம்பித்ததும் இடப்பக்கம் பாறை வந்தது. அரை மணி கழித்தும் பாறை. வலப்பக்கத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அங்கே எல்லோரும் எழுந்து நின்று மறைத்தார்கள்.

"நல்ல பாறைதான்" என்றார் கணவர்.

"இருங்க, இப்ப வரும்."

"வந்துக்கிட்டேதானே இருக்கு."

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "அடடே, கண்ணாடியக்கா! போயும் போயும் இந்தப் பக்கமா உட்கார்ந்தீங்க? இது தூங்குறவங்க பக்கமாச்சே. தலையைச் சாய்ச்சா இறங்குற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. அருவி, பள்ளத்தாக்கு எல்லாம் அந்தப் பக்கம். அங்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளியே நிப்பாங்க, கண்ணாடியைத் தொடவே மாட்டாங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நெற்றி ஏற்கெனவே கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

திரும்பும்போதும் அதே இருக்கை. அதே பாறை.

மறுநாள் அந்த ஜன்னலைத் துடைத்தாள். பிசுக்கோடு கறுப்பாகச் சாயமும் ஒட்டியிருந்தது. பயணத்துக்கென்று அவர் அவசரமாகத் தலைக்குப் பூசிக்கொண்டது. இரண்டு வருஷமாக அதை அவர் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி முன்னால் நின்றாள். "அடுத்த வருஷம் வலப்பக்கம் கேட்கட்டுமா?"

"பாறையைப் பார்க்குறதுக்கு ஒரு ரயில், அதுக்கு ஒரு டிக்கெட்."

"அதான் வலப்பக்கம்ங்கிறேன். வருவீங்களா, மாட்டீங்களா?"

அவர் எழுந்தார். சாப்பாட்டு வேளையும் இல்லை, தூங்கும் வேளையும் இல்லை. காலாலேயே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளியே கிளம்பினார்.