டிரைவர் வீட்டுப் பிள்ளையின் படங்கள்

ஓவியர்கள் நாலு பேர் கூடினால், சிறுவயதில் எதை வரைந்தோம் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒருவர் யானை என்பார், ஒருவர் ரயில் என்பார். என் முறை வரும்போது நான் செம்பருத்திப் பூ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பொய். அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒன்பது வயதில் நான் வரைந்த முதல் முகம் இறந்துபோன ஒரு பிள்ளையுடையது.

அப்பா அந்தத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். பக்கத்து வீடு லொறி டிரைவருடையது. அவர் மனைவியை அத்தை என்று கூப்பிடுவோம். உறவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோயிலுக்குப் போய்வரும் பழக்கம்தான். அத்தைக்கு ஒரே பிள்ளை. ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு டவுனுக்குப் போய் போட்டோ பிடிப்பதாக இருந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை.

பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் நான் கோழியும் பூசணிக்காயும் கிறுக்குவது அத்தைக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எம் புள்ளைய வரைஞ்சு தர்றியா கண்ணு? நீ தெனமும் பாத்தவதானே."

பார்த்தவள்தான். ஆனால் பென்சிலை எடுத்ததும் அவன் முகம் வரவில்லை. நீலக் காற்சட்டை வந்தது, புழுதிக் கால்கள் வந்தன, குரல்கூட வந்தது. முகம் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. எதிரே என் நாலு வயதுத் தம்பி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாமல் அவனைப் பார்த்தே வரைந்து, முடியை மட்டும் சுருட்டையாக்கிவிட்டேன்.

அத்தை நெடுநேரம் பார்த்தார். "இவன்தான்," என்றார். அந்தப் படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க, வீடு கூட்டுவது என் தகுதிக்குக் குறைவு என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கினேன்.

அடுத்த வருஷம் அதே மாதம் அத்தை புதுத் தாளோடு வந்தார்.

"இப்ப அவனுக்கு ஆறு ஆச்சு. படத்துல இன்னும் சின்னப் புள்ளையாவே இருக்கான். கொஞ்சம் வளத்துக் குடு கண்ணு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா மட்டும், "பெத்தவ கேக்குறா, வரைஞ்சு குடு," என்றார். எனக்கு அது சிரமமாகவே இல்லை. தம்பி வளர்ந்திருந்தான்.

மூன்றாம் வருஷம் அத்தை இன்னொன்றும் கேட்டார். "எடது புருவத்துல ஒரு தழும்பு போடு. போன வாரம் ஓடுறப்ப விழுந்துட்டான்."

பிள்ளை வெளியே விளையாடிக்கொண்டிருக்கிறான் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். ரப்பர் காய்கள் வெயிலில் வெடிக்கும் காலம் அது. உச்சிப் பொழுதிலும் இருட்டாயிருக்கும் மரங்களுக்குள், ஆளே இல்லாத இடத்திலிருந்து சட்டென்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு காய் விழும். அதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தழும்பை வரைந்தேன்.

சில நாள் கழித்துத் தம்பி கற்படியில் விழுந்தான். நெற்றியில் போட்ட துணிக்கட்டை அவிழ்த்தபோது இடது புருவத்தில், நான் இழுத்த அதே சாய்வில், அதே நீளத்தில் காயம் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா உப்பு வாங்கப் போவதுபோல் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத யாரப் பாத்து வரைஞ்ச?"

நான் அழுதேன். அம்மாவுக்கு அந்தப் பதிலே போதுமாயிருந்தது. அன்றிலிருந்து தம்பி அந்த வீட்டுப் படியேறக் கூடாது என்றார். ஆனால் ஒரு சாயங்காலம் அத்தை தன் வாசலில் நின்று இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, என் பக்கத்தில் இருந்த தம்பி, "வாறேன்," என்று எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அது ஒம் பேரு இல்லடா."

"தெரியும்," என்றான். "ஆனா என்னத்தானே கூப்புட்டாங்க."

நாலாம் வருஷம், அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். மிகவும் மெலிந்திருந்தார்.

"இதுதான் கடைசி கண்ணு. இனிக் கேக்க மாட்டேன். கண்ண மூடித் தூங்குற மாதிரி வரைஞ்சு குடு. தொத்து நோய்னு பெட்டியத் தெறக்கவே விடல. எம் புள்ள கண்ணு மூடினத நான் பாக்கல."

அத்தனையும் என் காதில் விழுந்தது. ஆனால் மனதில் ஏறியது 'கண்ண மூடி' என்பது மட்டும். தம்பியின் புருவம் கண்முன் வந்தது.

தம்பியை வரையக் கூடாது என்று முடிவு செய்து, அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு என்னையே வரைந்தேன். வருவது எனக்கே வரட்டும் என்ற துணிச்சல். அந்தத் துணிச்சலும் இமை வரைக்கும்தான். கண்ணை மூடினால் கண்ணாடியில் எதுவும் தெரியாது. கண்ணாடியைப் பார்க்காமல் மூடிய கண்ணை வரையவோ பயம். கடைசியில் கண்களைத் திறந்தபடியே விட்டுவிட்டேன்.

அத்தை தாளைப் பார்த்தார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை அதிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தது. அவர் கோபிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் வைத்து, தலையைத் தடவினார்.

"பயந்துட்டியா? தம்பிக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு."

யாரைப் பார்த்து வரைந்தேன் என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் டிரைவருக்கு நாவுலப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. சாமான்கள் ஏற்றிய லொறியின் முன்சீட்டில், சேலைத் துணியில் சுற்றிய மூன்று படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். தம்பி கையாட்டினான். நான் அவனுடைய மறுகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளைவில் லொறி மறையும்வரை நின்றேன்.

தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். தன் பிள்ளையை அடக்கம் செய்வதற்காக ஒரு தாய் என்னைத் தேடி வந்திருந்தார் என்பதும், அதற்கு அவர் கேட்டது பென்சிலால் இரண்டே இரண்டு கோடு என்பதும், அதைக் கொடுக்காமல்தான் அவரை அனுப்பிவைத்தேன் என்பதும் பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.