இல்லாத வளைவு

மனைவி இறந்தபின், தலைநகரின் துவாரகா பகுதி வீட்டில் நான் தனியாள். பழைய கிட்டார் விற்பனைக்கு என்று எங்கே பார்த்தாலும் போய்ச் சோதிப்பேன். தேதி போட்டு டைரியில் எழுதுவேன். பதினொன்று பார்த்தும் ஒன்றையும் வாங்கவில்லை. எனக்கு வாசிக்கவே தெரியாது.

பன்னிரண்டாவது, ஆர்.கே.புரத்தில். உள்ளே குடைவான, ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். விற்பவர் மதுரைக்காரர், மாற்றலாகிப் போகிறவர். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசை எண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைச் சொன்னேன். அவர் டீ கொடுத்தார். ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது வழக்கம்போல ஒரு குறை சொன்னேன்: "கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. வேண்டாம்."

அவர் முகம் வாடியது. "அப்படியா சார்? காலையில ஒரு சர்தார்ஜி பணத்தோட வந்தாரு. நம்ம தமிழ் ஆளு வர்றாரேன்னு அவரைத் திருப்பி அனுப்பிட்டேன். நாளைக்கு எனக்கு ரயிலு."

கிட்டாரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, இல்லாத வளைவைத் தேட ஆரம்பித்தார்.

"தேடாதீங்க. வளைவு இல்ல. பேச்சுத்துணைக்குத்தான் வந்தேன்" என்றேன்.

கிட்டாரை இறக்கி வைத்தார். "அச்சா... இன்னொரு டீ போடவா சார்?"

கிட்டாரை நானே வாங்கி வந்தேன். விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தால் யாராவது பார்க்க வருவார்களே என்று சில மாலைகளில் தோன்றும். இதுவரை கொடுக்கவில்லை.