ரெஜினா உறுதியாக்கிய கார்

காலைக் காபிக்குப் பால் வைத்திருந்தேன். கைப்பேசியில் ழில்பேரின் பெயர் தெரிந்தது. ரெஜினாவின் கணவர் அவர். பக்கவாதத்தில் பேச்சை இழந்து, பிறகு சிறுகச் சிறுகச் சொற்களைச் சேர்த்துப் பேசப் பழகியவர். தொலைபேசி அவருக்குக் கஷ்டம் என்பதால் எப்போதும் ரெஜினாதான் கூப்பிடுவாள். அன்று அவரே கூப்பிட்டிருந்தார். "வசந்தா... ரெஜினா... ஃபினி" என்றார். முடிந்துவிட்டது என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று அங்கே போனபின் தெரிந்தது. முகத்தில் வலியின் அடையாளமே இல்லை.

அவளிடம் படித்தவர்களும் எங்களோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர் என்று எழுதிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் அவள் மெக்கானிக்கல் ஆசிரியை, நான் சிவில். அவளை நான் முதன்முதலாகக் கவனித்தது ஓர் ஆண்டு விழாவில். மைதானத்தில் வாடகை மேடை போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தாயிற்று. மாணவிகள் சலங்கை கட்டி நிற்கிறார்கள். ரெஜினா மேடையேறி, ஒரு மூலையில் நின்று உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டினாள். மேடை முழுவதும் அவளோடு சேர்ந்து ஆடியது. இறங்கி வந்து, "குறுக்குக் கட்டை கட்டாம ஒரு பொண்ணும் மேல ஏறக் கூடாது" என்றாள்.

"கெஸ்ட்டு காத்துக்கினு இருக்காரு ரெஜினா" என்று முதல்வர் பல்லைக் கடித்தார்.

"காத்துக்கினு இருந்தா கோவம் வரும் சார், அவ்ளோதான். கால் ஒடிஞ்சா இந்தப் பொண்ணுங்களுக்குப் பதிலா நீங்க ஆடுவீங்களா?"

விருந்தினரே சிரித்துவிட்டார். பந்தல்காரர்கள் சவுக்குக் கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டி முடிக்கும்வரை விழா தொடங்கவில்லை. அன்று மாலை நானாகப் போய் அவளிடம் பேசினேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

ழில்பேரின் காரைப் பார்க்காதவர்கள் ஊரில் குறைவு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் கொண்டுவந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். இரண்டே இருக்கை. கூரை கிடையாது, மழைக்கு இழுத்துவிட ஒரு துணி மட்டும். ஸ்டியரிங் இடது பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அதைக் கிளப்புகிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். ரெஜினாவுக்கு அந்தக் காரின் மேல் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. "இந்தச் சத்தத்துக்கு ஒரு டிராக்டர் வாங்கியிருக்கலாம்" என்பாள்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அழைத்துப் போவாள். மாதக்கணக்கில் ஒரு சொல்லும் வரவில்லை. ஒருநாள் சொல்லிவைத்த ஆட்டோ வரவில்லை. வேறு வழியின்றி அந்தக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பழக்கமில்லாத கை, கியர் கடகடவென்று அரைபட்டது. பக்கத்தில் இருந்து ஒரு குரல் வெடித்தது: "டூஸ்மான்!" மெதுவாக என்று அர்த்தம்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "திட்றாரு வசந்தா! என்னைத் திட்றாரு!"

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரை அந்தக் காரில் அழைத்துப்போனாள். வீட்டில் வாய் திறக்காதவர் காரில் மட்டும் பேசினார். கியர், பாலம், ஆறு, மாடு என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. "என்ன செய்றீங்களோ தெரியல, அத மட்டும் நிறுத்தாதீங்க" என்றாராம் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்.

அப்படிப் போகும்போதுதான் அது நடந்தது. அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியபோது ழில்பேர் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் அவர் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம், சாலையின் நடுப்பக்கம். பிடித்துக்கொள்ள வேண்டிய கை தளர்ந்த கை. இடுப்புப் பட்டை இல்லாவிட்டால் சாலையில் விழுந்திருப்பார். பின்னால் வந்த பேருந்து கிறீச்சிட்டு நின்றது. ரெஜினா அவர் சட்டையைப் பற்றி இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன.

கதவின் பூட்டை மாற்றினாள். மறு வாரமே மறுபடி திறந்தது. பிரான்சில் இருக்கும் மகன், "வித்துடும்மா, அப்பாவுக்கு நல்ல கார் ஒண்ணு வாங்கலாம்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் நல்ல காரில் அவர் பேசவில்லை. வாடகைக்கு ஒன்றை எடுத்து அவள் பார்த்தாயிற்று. ஜன்னலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அந்தச் சமயத்தில் நான் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. என் கணவர் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வருகிறவர்கள் ஆறுதல் சொன்னார்கள், அழுதார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். ரெஜினா ஒரு காலி கேக் பெட்டியோடு வந்தாள். மூடியைப் போட்டு என் கையில் கொடுத்து, "முறுக்கு" என்றாள். முறுக்கினேன், அசையவில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, "இப்ப முறுக்கு" என்றாள். துணி பிழிகிற மாதிரி பெட்டி திருகிக்கொண்டது.

"கூரை இல்லாத காரு இதான். பூட்டு மேல தப்பில்ல. பள்ளத்துல எறங்குறப்ப வண்டியே முறுக்கிக்குது. அப்ப கதவோட வாசல் அகலமாவுது, பூட்டோட நாக்கு வெளிய வந்துடுது. கதவுக்கு அடியில முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் ஒரு தகரப் பெட்டி ஓடுதில்ல, கூரை இல்லாத வண்டிக்கு அதான் முதுகெலும்பு. உப்புக் காத்துல அது செல்லரிச்சிப் போயிருக்கு."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றேன்.

"ஒரு ஆள் வேணும். அளவெடுக்கணும். காலைல வந்துடு."

"நான் இருக்கிற நெலமையில..."

"நீ எந்த நெலமையில இருந்தாலும் டேப்போட ஒரு முனையப் புடிக்கலாம் இல்ல?"

போனேன். கோபத்தோடுதான் போனேன்.

வெல்டிங் வேலைக்கு அரியாங்குப்பத்தில் இருந்து பாஸ்கர் வந்தார். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறவர், நல்ல வேலைக்காரர். கனமான இரும்புத் தகட்டை அடிமுழுக்கப் பரப்பிவிடலாம் என்றார் அவர். ரெஜினா ஒப்புக்கொள்ளவில்லை. "கனம் வேற, பலம் வேற பாஸ்கர். எடை கூடுனா இந்த இன்ஜின் இழுக்காது. பெட்டிக்குள்ள ஒரு நடுத்தகடு, சீட்டுக்கு அடியில ஒரு குறுக்குப் பெட்டி, முதுகுக்குப் பின்னால ஒரு தடுப்பு. போதும்." அட்டையில் வெட்டிக் காட்டினாள். பாஸ்கர் அட்டையைத் திருகிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு பக்கத்துத் துருப்பிடித்த பெட்டியை வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைத்தார்கள். வேலை முடிந்து கதவை மாட்டினால் மூடவில்லை. மேல்பக்கம் இடித்தது. வெட்டிய நேரத்தில் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. இருக்கைகளுக்கு நடுவே ஓடும் மேடு தாங்கிக்கொள்ளும் என்று ரெஜினா நம்பியிருந்தாள். அதன் உட்பக்கமும் துருப்பிடித்து, யாரோ எப்போதோ பட்டி பூசி மறைத்திருந்தார்கள்.

"கதவோட ஓரத்த அரத்தால ராவிப் போட்டா மூடிக்கும் மேடம்" என்றார் பாஸ்கர்.

"கதவு மூடுறதுக்காக இத ஆரம்பிக்கல பாஸ்கர். வண்டி முறுக்காம இருக்கணும். வெட்டிடு."

"இன்னா மேடம், இத்தினி நாள் பத்தவச்சத வெட்டுன்னு சுலுவா சொல்றீங்க?" அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ழில்பேர் வராந்தாவில் இருந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மறுபடி அமைதி. வந்திருந்த சொற்களும் போய்விடுமோ என்ற பயம் ரெஜினாவின் முகத்தில் தெரிந்தது.

ஓர் ஆட்டோ பிடித்து, ழில்பேரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு பாஸ்கரின் பட்டறைக்குப் போனாள். அவருடைய ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னாள்: "உன் வேலையில ஒரு குறையும் இல்ல பாஸ்கர். நடுவுல இருக்கிறத தொறந்து பாக்காம நம்புனது நான். தப்பு என்னுது. வெட்டுறதுக்கு மனசு வராதுதான். நானும் கூட நின்னு வெட்டுறேன், வா."

பாஸ்கர் அவளைப் பார்க்காமல் ழில்பேரைப் பார்த்தார். "இன்னா முசியே, நீங்க இன்னா சொல்றீங்க?"

ழில்பேர் வெகுநேரம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வா... தம்பி" என்றார். காருக்கு வெளியே அவர் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு சொற்கள் அவை. பாஸ்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆட்டோவ அனுப்பிடுங்க மேடம், என் வண்டியிலயே போயிடலாம்" என்றார்.

இந்தமுறை நடு மேட்டை முதலில் சரிசெய்தார்கள். வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, அடியில் நெடுக முட்டுக் கொடுத்து, கதவு வாசல்களின் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்த பிறகே வெட்டினார்கள். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் முன்னும் பின்னும் வாசலின் அகலத்தை அளந்து சொல்வது என் வேலை. டேப்பின் ஒரு முனை என் கையிலும் மறு முனை அவள் கையிலும் இருக்கும். காலையில் எழுந்ததும் இன்று அளவு நகர்ந்திருக்கக் கூடாதே என்ற கவலை எனக்கு வந்தது. என் துக்கத்தைத் தவிர வேறொன்றைப் பற்றி நான் கவலைப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

எல்லாம் முடிந்த அன்று பின்பக்கத்து மூலை ஒன்றில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்வரை தூக்கினார் பாஸ்கர். முன்பு இப்படித் தூக்கினால் கதவு இறுகிக்கொள்ளும் அல்லது திறந்துகொள்ளும். ரெஜினா ழில்பேரை மெல்ல நடத்தி வந்து, அவருடைய தளர்ந்த கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள். திறந்தார். மூடினார். 'டக்' என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். "ஆங்கோர்" என்றார், இன்னொரு முறை என்று. திறந்து மூடினார். மறுபடியும், மறுபடியும். பாஸ்கர் ஜாக்கியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை இருவரும் பாலம் தாண்டிப் போய்த் திரும்பினார்கள். நான் வாசலில் காத்திருந்தேன். "வேகத்தடை?" என்று கேட்டேன். ழில்பேர்தான் பதில் சொன்னார்: "கதவு... தூங்குது."

அதன்பின் எத்தனையோ காலைகள் அவர்கள் போய்வந்தார்கள். சொற்கள் வாக்கியங்களாயின. வாக்கியங்கள் சண்டைகளாயின. "இவரு வாய மூட வைக்க எதுனா வெல்டிங் இருக்கா பாஸ்கர்?" என்று அவள் கேட்பாள்.

அடக்கத் திருப்பலியில் மகன் பேசுவதாக இருந்தது. பிரான்சில் இருந்து வந்திருந்தவன் இரண்டு வரி பேசியதும் உடைந்துவிட்டான். அப்போது ழில்பேர் எழுந்தார். பாஸ்கர் தோள் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்: "எனக்குப் பேச்சு போச்சு. டாக்டருங்க வரும்னாங்க, வராதுன்னாங்க. இவ யாரையும் கேக்கல. தெனமும் கூட்டிக்கினு போனா. இப்ப நான் பேசறது... இவ குடுத்தது. மெர்சி, ரெஜினா." நன்றி என்கிற அந்தக் கடைசிச் சொல் வரை யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவரே சொன்னார். எங்கள் பழைய மாணவிகள் வரிசை வரிசையாக அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவளிடமிருந்து பொருளாக எதையும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வேலை நடந்த காலைகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுந்ததும் போவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. நான் வராவிட்டால் வேலை நிற்கும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள்.