கமலம் வரைந்த என் அம்மா

சூடேறிய தையல் இயந்திரத்தின் எண்ணெய் வாடையும் புதுத்துணியின் கஞ்சி மணமும் சேர்ந்து வந்தால், மலாயாவுக்கு 'மெர்டேக்கா', அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டின் மலாக்கா காஜா பெராங் எனக்குத் திரும்பிவிடும். கடைக்காரர்கள் கொடிக்குத் துணி அனுப்பிக்கொண்டே இருக்க, அம்மா முன்னறையில் விடிந்ததிலிருந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டுக் கமலத்துக்குத் தாய் இல்லை. லாரி ஓட்டிய அப்பா திரும்பும்வரை அவளுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, விளையாட்டு எல்லாம். என் வயதுதான். பள்ளியில் ஓவியப் பரிசு எனக்கு. வண்ணப் பென்சில் பெட்டியும் எனக்கு. அவளிடம் இருந்ததோ 'இஸ்திரிப் பெட்டி'யிலிருந்து பொறுக்கிய கரித்துண்டு.

ஒரு மத்தியானம், பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில், கமலம் என் அம்மாவை வரைந்துவிட்டாள். அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "என்னைய இவ்வளவு நேரமா யாருடி பார்த்தது?" என்று மெல்லக் கேட்டு, கரி படிந்த அவள் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள். என் படங்களையெல்லாம் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் "நல்லாருக்கு" என்று சொன்னவள் அம்மா. அன்று மாலையே நானும் வரைய உட்கார்ந்தேன். சேலையின் நிறம் வந்தது, அம்மா வரவில்லை.

சில ஆண்டுகளில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டதில்லை; அடையாள அட்டையிலிருந்த சின்னப் படமும், இறப்பைப் பதியப் போனபோது அட்டையோடு போயிற்று. என் தாயின் முகத்துக்கு நான் கமலத்தின் கையை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

கமலம் சிற்பியானாள். பழைய இரும்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்து அவள் செய்த உருவங்கள் கோலாலம்பூரிலும் வெளிநாடுகளிலும் நிற்கின்றன. அவளுடைய இளவயது ஓவியங்களில் தப்பியது என் வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த அம்மா படம் மட்டும்தான் என்று தெரிந்து பலர் பார்க்கக் கேட்டார்கள், நான் காட்டவில்லை.

சென்ற மாதம், மலாக்காவிலேயே செங் என்ற இடத்திலிருக்கும் என் வீட்டுக்கு அவளே வந்தாள்.

"இத எனக்குத் தர்றியா, ராஜி?"

"மாட்டேன்."

அவள் கோபிக்கவில்லை. "அன்னைக்கு நீ தரையில படுத்துத் தூங்கிட்டிருந்த. அத்தை தைக்கிறத நிறுத்திட்டு உன்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. என்னைய அப்படிப் பாக்க யாருமில்ல. வயித்தெரிச்சல்ல வரைஞ்சது லா அது" என்றாள்.

எங்கள் வீட்டு வரிசை இன்று இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். எங்கள் இருவரையும் தவிர அம்மாவைப் பார்த்தவர்களும் யாரும் இல்லை. கமலம் நாற்காலியைப் படத்தின் முன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் தேநீர் போட உள்ளே போனேன். போனாலும், அவள் அம்மாவை எப்படிப் பார்க்கிறாள் என்று கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.