தார் வீதியில் சுடுதண்ணீர்

"மிஸி, நம்மட ஓவசியர் மோசம் போயிட்டார்." செங்கலடியிலிருந்து தொலைபேசியில் சொன்னவர், தாதியான என்னோடு பிரசவ விடுதியில் வேலை செய்த அன்னம்மாக்கா. அவர் இறந்துவிட்டார் என்பதை நம்பாமல் மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வீதி வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியர் சித்திரவேல் அவர்களை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் எதுவரை போகும் என்பதை நேரில் கண்டவள் நான்.

சண்டைக் காலம். கரடியனாற்றுப் பக்கம் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் சோதனைச் சாவடியைத் தாண்டி வராது. விறகுக்குக் காட்டுக்குப் போனவர் திரும்புவார் என்ற நிச்சயமில்லை. குறைமாதப் பிள்ளைகளைச் சுடுதண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே கிடத்தித்தான் காப்பாற்றுவோம். இருக்கிற விறகில் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதா, போத்தலை நிரப்புவதா என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

ஒரு பின்னேரம், பதுளை வீதியில் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொண்டிருந்தவர்களோடு ஓவசியரும் குந்தியிருந்தார். தாரில் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"வெயில் இறங்கியும் றோட்டு சுடுது மிஸி. இவ்வளவு சூட்டையும் சும்மா விடுறமே."

"தாரில கஞ்சி காய்ச்சப் போறீங்களோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாவடியில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முன்னால் வீதியை வெட்டினார். கைவிடப்பட்ட நீர்த்திட்டமொன்றின் கறுப்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் புதைத்து மேலே தார் போட்டார். ஒரு முனை கிணற்றடித் தண்ணீர்த் தாங்கியில், மறுமுனை எங்கள் விடுதியில். முதல்நாள் மத்தியானம் திறந்தபோது கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வந்தது. அன்னம்மாக்கா கைகூப்பிவிட்டார்.

பிறகு சாவடியில் படை மாறியது. புதிதாக வந்த அதிகாரிக்கு அந்தப் புதுத் தாரைக் கண்டதும் கண்ணிவெடி என்றுதான் பட்டது. முழுவதையும் கிண்டச் சொன்னார். அன்று விடுதியில், உள்ளங்கைக்குள் அடங்கும் முதுகோடு ஒரு பெண்பிள்ளை போத்தல்களுக்கு நடுவே கிடந்தது.

ஓவசியரைச் சட்டையும் செருப்பும் கழற்ற வைத்துச் சோதித்தார்கள். அவர் உச்சி வெயிலில் வெறுங்காலோடு போய் அந்தத் தாரின்மேல் நின்றார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதிகாரிக்கு ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெடிச்சா முதல்ல நான்தான் போவன் எண்டு சொல்லியிருக்கன். நீங்க பைப்பத் திறங்க மிஸி."

துப்பாக்கிகள் அவர்மேல் இருந்தன. நான் வாளியை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அதிகாரி கையை விட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார். விடுதி வாசலுக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். தாரைக் கிண்டாமலே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதுவரைக்கும் ஓவசியர் அசையவில்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. மருந்து கட்டும்போது அவர் கேட்டது இவ்வளவுதான்.

"பிள்ளைக்குச் சூடு காணுமா மிஸி?"

"காணும், போதிய சூடு இருக்கு," என்றேன்.

அந்த நாட்களில் வீதியில் கிண்டிய தடம் தெரிந்தால், சாவைப் புதைத்திருக்கிறார்கள் என்று சுற்றிப் போவோம். அதே வீதியில் பிள்ளைகளுக்குச் சூட்டைப் புதைத்துவிட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதரோடு நான் வேலை செய்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள இது காணும்.