ஜனக்புரி முற்றத்துக் கூரை

அரசுப் பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டில்லியில் தெரிந்தவர்களின் வீடுகளில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து வந்தேன். அவற்றில் நான் தவறு செய்த வேலை இது. கூரையில் தவறில்லை.

1. மே மாதம்

நடராஜன் சார் அலுவலகத்தில் பல வருடம் எனக்கு மேலதிகாரி. ஜனக்புரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தள வீடு. பின்பக்கம், எட்டடிச் சுவருக்குள் திறந்த முற்றம். அதற்குக் கூரை போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். நான் போன மத்தியானம் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை.

"பாருங்க சுந்தரம், தோசைக்கல்லு மாதிரி இருக்கு. முழுசா மூடிடுங்க. நடுவுல நுரை வச்ச பஃப் பேனல் போட்டா சூடு இறங்காதாமே?"

"இறங்காது சார். வெளிச்சமும் வராது."

"லைட் போட்டுக்கறேன்."

அவர் மனைவி செண்பகம் அம்மா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூட்டுவாதத்தில் விரல்களும் முழங்கால்களும் வீங்கியிருந்தன.

"தம்பி, ஜனவரியில நான் எங்க போய் உக்கார்றது? இந்தச் செவுத்தோரம் வர வெயில்தான் எனக்கு மருந்து."

சார் சிரித்தார். "எனக்குப் பென்ஷன், இவளுக்கு வெயில். ஒண்ணும் குறையக் கூடாது! ஹீட்டர் வாங்கித் தரேன்டி."

"வாங்குவீங்க. கரண்ட் பில்லப் பாத்துட்டு நீங்களே அணைப்பீங்க."

இதற்கு வழி எனக்குத் தெரியும். குளிர்கால வெயில் சாய்ந்து வரும். கூரையின் நடுவில் மட்டும் இரண்டு பேனலுக்குப் பதிலாகத் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போட்டால், அது வழியாக வெயில் சுவரோரம் வந்து விழும். கோடையில் அடியில் ஒரு திரையை இழுத்துவிட்டால் போதும். சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன யோசனை? சொன்னதைச் செய்யுங்க" என்றார் சார், பழைய அலுவலகக் குரலில்.

"சரி சார்" என்றேன். ஓய்வு பெற்றும் அந்தக் குரலுக்கு எழுந்து நிற்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம், "பாத்துக்கலாம்மா" என்றேன். எதையும் பார்த்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

2. ஜனவரி

வேலை சுத்தமாக முடிந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், தண்ணீர் ஓடச் சரியான வாட்டம், மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. குரங்கு நுழையாமலிருக்கக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியையும் அடைத்தோம். சார் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினார். அதைப் பார்த்து இரண்டு பேர் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில், மூடுபனி விலகிய ஒரு நாள், செண்பகம் அம்மா வெயிலைத் தேடி மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். அந்த முழங்கால்களோடு எல்லா மாடிகளையும் ஏறிவிட்டார். இறங்கும்போது படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

3. கழற்றப் போன நாள்

ஹோலி முடிந்ததும் சார் போன் செய்தார். "அந்தக் கூரையக் கழட்டணும்."

வெல்டரோடு போனேன். அவர் ஏணி சாத்திக்கொண்டிருந்தபோது சார் கேட்டார்.

"சுந்தரம், வெயில் வர்ற மாதிரி போட்டிருக்க முடியுமா?"

"முடியும் சார்."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. "நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார்.

முதல் பேனலின் ஸ்க்ரூவைக் கழற்றும் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். தலையை மட்டும் திருப்பினார்.

"எதுக்குத் தம்பி இப்பக் கழட்டுறீங்க? நான் எங்க இனி முத்தத்துக்கு வரப்போறேன்? வெயில்காலம் வருது. அவருக்குச் சூடு ஒத்துக்காது. விட்டுருங்க."

வெளியே வந்து, விட்டுவிடச் சொல்லி வெல்டரிடம், "ரஹ்னே தோ, பையா" என்றேன். கழற்றிய ஸ்க்ரூக்களை அவர் திரும்ப முடுக்கினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூரை போடும் இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை, வேலை கொடுப்பவர் முன்னால் உரக்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் மறுக்கட்டும். எனக்குக் கேட்க வேண்டிய சிரமம்கூட இருக்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார்.